காட்சியும் உடன்பாடும்

சென்ற தைத் திங்களில், பொங்கல் விடுமுறைக்கு என் மகன் தன் மனைவியுடனும் எட்டு வயது மகளுடனும் தரங்கம்பாடிக்கு வந்திருந்தான். பெங்களூரில் வளரும் குழந்தை. பறவைகளைப் பற்றிய படப்புத்தகம் ஒன்றைக் கையோடு கொண்டு வந்திருந்தாள். பூநாரையை நேரில் காண வேண்டும் என்பது அவள் விருப்பம். காரைக்கால், நாகப்பட்டினம், வேதாரணியம் வழியாகக் கோடியக்கரை நூறு கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவே ஆதலால், ஒருநாள் விடியலில் புறப்பட்டோம். என் தமக்கையாரும் உடன் வந்தார். அவருக்கு வயது எழுபத்தெட்டு. இளமையிலேயே கணவரை இழந்து, அணுவிரதங்களை ஏற்று, எங்கள் வீட்டிலேயே வாழ்ந்து வருபவர். "சாந்திநாத சுவாமியின் இலாஞ்சனம் மான் என்று அறுபது ஆண்டாகத் தோத்திரம் சொல்லி வருகிறேன். மானைக் காட்டில் கண்டதில்லை, தம்பி" என்றார். அதுவே அவர் வந்த காரணம்.

மானைக் கண்டார். புல்வெளியில் வெளிமான் கூட்டம் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. முறுக்கிய கொம்பும் கரிய முதுகும் கொண்ட கலை ஒன்று தலை நிமிர்ந்து எங்களை நோக்கிற்று. அக்கா கைகூப்பினார். பின்னர் உப்பளங்களுக்கும் சதுப்புக்கும் இடையே உள்ள சாலையோரத்தில் நின்று, தொலைவில் இளஞ்சிவப்புக் கோடுபோல் நின்ற பூநாரைகளைத் தொலைநோக்கியில் ஒருவர்பின் ஒருவராகப் பார்த்தோம். அப்பொழுதுதான் அது நிகழ்ந்தது. விரால் அடிப்பான் என்னும் பருந்து வகைப் பறவை ஒன்று, வானில் ஓரிடத்தில் சிறகடித்து நின்று, கால்களை முன்னீட்டிக் கல்லைப்போல் நீரில் விழுந்தது. எழும்பியபோது அதன் நகங்களில் மீனொன்று வெள்ளியாய்த் துடித்தது. குழந்தை துள்ளிக் குதித்துக் கைதட்டினாள்.

அக்கா அவள் கைகளை மெல்லப் பற்றிக்கொண்டார். "கை தட்டாதே, கண்ணு. உடன்பாடு ஆகிவிடும்" என்றார்.

குழந்தைக்கு அச்சொல் விளங்கவில்லை. "பறவை சாப்பிட வேண்டாமா, பெரிய பாட்டி?" என்று கேட்டாள். அக்கா விடை கூறவில்லை. என் மகன், "பயல்கள் பார்த்து மகிழ்வதில் என்ன பாவம், அத்தை?" என்று சிரித்தவாறே கேட்டு, பேச்சை வேறு திசைக்குத் திருப்பினான். எனக்கோ அச்சொல் நெஞ்சில் தைத்தது. அதற்குரிய தனிக் காரணத்தைப் பின்னர்ச் சொல்லுகின்றேன். முதலில் கேள்வியை எடுத்துக்கொள்வோம்.

நம் நூல்கள் வினை நம்முள் ஊறிப் புகும் வழிகளைக் கணக்கிடுவதில் மிகுந்த கண்டிப்புடையவை. எண்ணுதல், அதற்கு வேண்டியவற்றைத் திரட்டுதல், தொடங்குதல் என மூன்று. அவை மனம், மொழி, மெய் என்னும் மூன்றாலும் நிகழும். தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல் என மீண்டும் மூன்று. வெகுளி, செருக்கு, மாயை, உலோபம் என்னும் நான்கு கஷாயங்களால் பெருக்க, நூற்றெட்டு. மணிமாலையை உருட்டும்போது இக்கணக்கை நினைப்பவர் நம்முள் எத்தனை பேர்? இந்நூற்றெட்டில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது முப்பத்தாறு, உடன்பாட்டைச் சார்ந்தவை. கை ஓங்காமல், ஏவாமல், வெறுமனே நின்று மகிழ்ந்தாலே புகும் வினைகள் அவை. சமந்தபத்திர ஆசாரியர் இல்லறத்தார்க்குக் கொல்லாமை விரதத்தை வரையறுத்தபோதும் இம்மூன்றையும் சேர்த்தே கூறினார். அவர் நூலைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பு நம் வீடுகளில் பலர்க்கும் அறிமுகமானதே. ஆகவே அக்கா சொன்னது முதியவரின் அச்சம் அன்று, நூல்வழிப்பட்ட சொல்.

எனினும் குழந்தையின் கேள்வியும் எளிதில் தள்ளத்தக்கதன்று. பறவை உண்ண வேண்டும். அது நெல்லை உண்ணும் உடலோடு பிறக்கவில்லை. அவள் கைதட்டியது மீன் இறந்ததற்கு அன்று. அத்துணை உயரத்திலிருந்து பிழையின்றி விழுந்த விரைவுக்கு. மீனை அவள் கண்டாளா என்பதே ஐயம். ஹிம்சைக்கு வேர் பிரமாதம், அதாவது கஷாயம் கலந்த மறதி என்று கொண்டால், எட்டு வயதுக் குழந்தையின் வியப்பில் அவ்வேர் எங்கே உள்ளது?

இவ்விரண்டையும் பல நாள் எண்ணிப் பார்த்தேன். உயிர்கள்பால் நாம் கொள்ளத்தக்க நினைவுகள் நான்கென்பர்: எல்லா உயிரிடத்தும் நட்பு, குணத்தால் மிக்காரிடத்து மகிழ்வு, துன்புறுவாரிடத்துக் கருணை, திருத்த இயலாதாரிடத்து நடுவுநிலை. பறவைக்கு நடுவுநிலையும் மீனுக்குக் கருணையும் உரியன என்று எழுத்தில் பிரித்து வைப்பது எளிது. கண்முன்னே இரண்டும் ஒரே கணத்தில் ஒரே இடத்தில் நிகழும்போது நெஞ்சு பிரிவதில்லை. தில்லிச் செங்கோட்டைக்கு எதிரே, திகம்பரர்களின் செம்மந்திர் வளாகத்தில் பறவைகளுக்கான மருத்துவமனை ஒன்று நெடுங்காலமாக நடந்து வருகின்றது. அங்கே புறாவும் கிளியும் உள்ளே தங்கிச் சிகிச்சை பெறும். ஊனுண்ணும் பருந்து முதலியவற்றை வெளிநோயாளிகளாகவே பார்த்து அனுப்புவர். முன்பெல்லாம் இதைப் பிறரோடு சேர்ந்து நானும் நகைத்ததுண்டு. பருந்தைத் தங்க வைத்தால் அதற்கு ஊன் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் செய்வித்தல் ஆகும். விரட்டினால் கருணை கெடும். இந்த முட்டுக்கட்டையை மறைக்காமல், முடிந்ததைச் செய்து முடியாததை ஒப்புக்கொண்ட நேர்மை அது என்று இப்போது தோன்றுகின்றது.

நிற்க. பார்த்தல் என்பதே குற்றமற்ற செயல்தானா என்பது இதனினும் முந்திய கேள்வி. எங்கள் ஊரின் வரலாறே அதற்கு ஒரு பாடம். 1620இல் டேனியர் இங்குக் கோட்டை கட்டினர். 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்றனர். இடைப்பட்ட காலத்தில் இங்கு வாழ்ந்த சமயத் தொண்டர் சிலர் இயற்கையாராய்ச்சியில் பேரார்வம் கொண்டிருந்தனர். 1768இல் வந்த யோகான் கெரார்டு கோனிக், புகழ்பெற்ற லின்னேயஸின் மாணாக்கர், செடிகொடிகளைத் திரட்டினார். கிறித்தோப் சாமுவேல் யோன் என்பவர் எங்கள் கடற்கரை மீன்களைச் சாராயத்தில் இட்டு, பெர்லின் நகரத்து மார்க்கஸ் எலியேசர் பிளாக் என்னும் மீனியல் அறிஞருக்கு அனுப்பி வந்தார். அதற்கு நன்றியாகப் பிளாக் ஒரு மீன் இனத்துக்கே யோனின் பெயரைச் சூட்டினார். எங்கள் மீனவர் கத்தாழை என்று கூறும் மீன்களுள் பல அவ்வினத்தைச் சேர்ந்தவை. பிளாக் திரட்டிய மீன்கள் இன்றும் பெர்லின் அருங்காட்சியகத்தில் உள்ளன. அறிவுக்காகப் பார்த்த பார்வை அது; அதை இழிவாகப் பேச நான் விரும்பவில்லை. அப்பார்வையின் பயனாகவே இன்று எந்தப் பறவை எங்கிருந்து வருகிறது என்பதை என் பேத்தி படப்புத்தகத்தில் படிக்கிறாள். ஆயினும் அன்று ஓர் உயிரை முழுமையாகப் பார்ப்பதற்கு அது இறந்திருக்க வேண்டியிருந்தது.

வேட்கைக்காகப் பார்த்த பார்வை வேறு. இராஜஸ்தானத்துப் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்கா, உலகப் புகழ்பெற்ற நீர்நிலைச் சரணாலயம். 1985இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது. அது முதலில் மன்னரும் அவர்தம் விருந்தினரும் வாத்து சுடுவதற்காக உண்டாக்கிய நீர்ப்பரப்பு. 1938 நவம்பர் 12 அன்று அரசப்பிரதிநிதி லின்லித்கோ பிரபுவின் குழுவினர் ஒரே நாளில் சுட்டு வீழ்த்திய பறவைகள் 4,273. இவ்வெண்ணைக் கல்லில் பொறித்து அங்கேயே நாட்டினர். நம் முன்னோர் கல்லில் பொறித்தவை வேறு. பள்ளிக்கு விட்ட நிலமும், விளக்குக்கு விட்ட ஆடும், உண்ணா நோன்பிருந்த ஆசாரியரின் நாள் கணக்கும். ஆனால் இதைச் சொல்லிப் பெருமை கொள்வதற்குமுன் ஒன்றை எண்ண வேண்டும். அன்று துப்பாக்கி ஏந்தியவர் மறைந்து நின்ற அதே நீர்க்கரைகளில் இன்று புகைப்படக் கருவி ஏந்தியவர் மறைந்து நிற்கின்றனர். கருவி மாறிற்று, வேட்கை எவ்வளவு மாறிற்று? நாங்கள் சென்ற நாளில், பூநாரைக் கூட்டம் பறக்கும் காட்சி படத்தில் வர வேண்டுமென்று இளைஞர் சிலர் உரக்கக் கூவி அவற்றை எழுப்பினர். ஆர்க்டிக் பகுதியிலிருந்து வரும் கொசு உள்ளான் என்னும் சிறு பறவையின் எடை முப்பது கிராமுக்கும் குறைவு. அது சேற்றில் குத்திக் குத்தித் தின்று சேர்க்கும் கொழுப்பே அது திரும்பிச் செல்லும் வழிக்கு எரிபொருள். ஒவ்வொருமுறை அஞ்சி எழும்போதும் அதன் கட்டுச்சோற்றில் ஒரு பிடியை நாம் பறிக்கிறோம். எவரும் கல்லெறியவில்லை, ஆயினும் அது ஹிம்சை.

இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் அனர்த்த தண்டத்தை விடுத்தல் ஒன்று. பயனின்றிப் பிற உயிரைத் துன்புறுத்தாமை என்பது பொருள். அதன் வகைகளுள் பிரமாதசரியை என்பதை விளக்குமிடத்து, பயனின்றி மண்ணை அகழ்தலையும் நீரைக் கலக்குதலையும் மரஞ்செடிகளைக் குறைத்தலையும் சொல்லிவிட்டு, வீணே ஊர் சுற்றுதலையும் பிறரைச் சுற்றச் செய்தலையும் சேர்த்திருக்கின்றனர். சுற்றுலா என்னும் சொல் பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன்னரே எழுதப்பட்டது இது! மழைக்காலத்தில் முனிவர்கள் ஓரிடத்தே தங்கிவிடுவதன் காரணமும் யாவரும் அறிந்ததே: அப்போது தரையெங்கும் சிற்றுயிர்கள் பெருகியிருக்கும். நம் கடற்கரைக்கோ பறவைகள் வந்து சேர்வது வடகிழக்குப் பருவமழையை ஒட்டியே. பறவை காணச் செல்லும் பருவமே காலடியில் உயிர்கள் மிகுந்திருக்கும் பருவம். நாங்கள் போன அன்றும் விடியலில் பெய்த சாரலில் சாலையில் நத்தைகள் ஊர்ந்துகொண்டிருந்தன. காரின் முகப்புக் கண்ணாடி முழுதும் பூச்சிகள் அடிபட்ட கறை. அக்கா முன்னிருக்கையில் அமர்ந்து வழி முழுதும் உதட்டசைவில் ஏதோ சொல்லி வந்தார். தோத்திரம் என்று நினைத்தேன். பிழை பொறுக்க வேண்டிய ஆலோசனை என்று பின்னர்த் தெரிந்தது.

முனிவரின் பார்வை எத்தகையது? ஈர்யா சமிதியில், நடக்கும்போது நான்கு முழத் தொலைவு தரையைப் பார்த்து அடி வைக்க வேண்டும். பார்ப்பது அழகு காண அன்று, மிதிக்காதிருக்க. அமருமுன் மயிற்பீலியால் தரையைத் துடைப்பர். அப்பீலியும் மயில் தானே உதிர்த்ததாக இருக்க வேண்டும். தொலைநோக்கியின் வழியே நாம் காண்பது அரைக் கிலோமீட்டருக்கு அப்பால். அக்கண்ணாடியில் கண்ணை வைத்தவாறு இரண்டடி முன் நகர்ந்தேன். காலுக்குக் கீழ் ஏதோ நொறுங்கிற்று. வெறும் கிளிஞ்சலாக இருக்கலாம். குனிந்து பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

இதனால் வீட்டிலேயே இருந்துவிடுக என்று சொல்ல வருகிறேன் என எண்ண வேண்டா. பார்க்காமலே இருந்தால் நெஞ்சு கனிவதில்லை என்பதற்கு நம் சமயத்திலேயே பெருஞ்சான்று உண்டு. நேமிநாத சுவாமி மணக்கோலத்தில் தேரேறிச் செல்லும்போது, வழியில் வேலிக்குள் அடைபட்டுக் கதறும் விலங்குகளைக் கண்டார். அவ்வழியே அன்று வேறு எத்தனையோ பேர் சென்றிருப்பர், எல்லாரும் கண்டிருப்பர். அவர் ஒருவரே, இவை ஏன் இங்கு உள்ளன என்று தேர்ப்பாகனை வினவினார். தம் மண விருந்துக்காக என்று அறிந்ததும் தேர் திரும்பிற்று. போளூருக்கு அருகே திருமலையில் பதினாறடி உயரத்தில் நிற்கும் அவருடைய திருவுருவத்தின்முன் நின்றவர்கள் இக்கதையை நினைத்திருப்பர். கண்டது எல்லார்க்கும் பொது; கேட்டது அவர்க்கே உரியது. நாம் சம்யக் தரிசனத்தை நற்காட்சி என்று தமிழாக்கி வைத்திருக்கிறோம். காட்சி என்ற சொல்லை நம் முன்னோர் எவ்வளவு எடை பார்த்து எடுத்திருக்க வேண்டும்!

அவ்வினாவைக் கோடியக்கரையிலும் கேட்கலாம். வெளிமான்கள் ஏன் இங்கு உள்ளன? திறந்த புல்வெளிதான் அவற்றின் இயல்பான இருப்பிடம். புல்வெளியெல்லாம் வயலாகவும் மனையாகவும் ஆன பின்னர், வேலி ஒன்று போட்டு எஞ்சியவற்றைக் காக்கிறோம். 1967இல் இது சரணாலயமாக்கப்பட்டது. 2002இல் இதனை உள்ளிட்ட பெருஞ்சதுப்பு, தமிழகத்தின் முதல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. அவ்வேலிக்குள்ளும் சீமைக்கருவேல் புகுந்து புல்வெளியைத் தின்கிறது. எக்காலத்திலோ மனிதர் கைவிட்ட குதிரைகளின் வழிவந்தவை அதே புல்லை மேய்கின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரணியத்தை ஒட்டிக் கரை கடந்தபோது, மான்களுக்கு ஓடுவதற்கு வேறிடம் இல்லை, பல மாண்டன. நேமிநாதர் கண்ட வேலி கொல்வதற்கு, இது காப்பதற்கு. ஆயினும் வெளியே இடமில்லாமற் செய்தவர் நாமே என்பதில் வேறுபாடு குறைவு.

வேலி போடுவதிலும் ஒரு கண்டிப்பு வேண்டும். பரத்பூரில் 1982இல் தேசியப் பூங்கா அமைந்ததும் எருமை மேய்ச்சலைத் தடுத்தனர். சுற்றுச் சிற்றூரார் எதிர்த்தனர். காவலர் சுட்டதில் சிலர் உயிரிழந்தனர். பறவைகளைக் காக்கும்பொருட்டு மனிதர் மாண்டனர். பின்னர்ப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல்லாண்டு ஆராய்ந்து கண்டது, எருமைகள் மேய்ந்தது புல்லைக் கட்டுக்குள் வைத்து நீர்ப்பரப்பைப் பறவைகளுக்குத் திறந்து வைத்திருந்தது என்பதே. ஒன்றுக்கொன்று உதவுவது உயிர்களின் இயல்பு என்று நம் சூத்திரகாரர் கூறியதை நாம் சின்னத்தின் கீழே எழுதி வைக்கிறோம்; அங்கே எருமையும் வாத்தும் அதை நடத்திக் காட்டின.

இனி, அக்காவின் சொல் என்னைத் தைத்த காரணத்துக்கு வருகிறேன்.

எங்கள் குடும்பம் தீபங்குடிப் பக்கத்திலிருந்து வந்தது. தந்தையார் உப்பனாற்றை ஒட்டி நான்கு ஏக்கர் நிலம் வாங்கினார். நல்ல நிலமன்று, மழை பொய்த்தால் உப்பேறும். நான் பள்ளியாசிரியனாக இருந்தமையால் அதை ஆளிட்டே பயிர் செய்து வந்தேன். உழவிலும் உயிர்க்கேடு உண்டு. அது உயிர் வாழ்வதற்குத் தவிர்க்க இயலாத ஆரம்ப ஹிம்சை என்று நம் சமயம் பொறுத்துக்கொள்கிறது. உழும்போது ஏரின்பின் கொக்கும் மடையானும் வரிசையாக நடக்கும். வயலும் ஒரு சதுப்புநிலமே என்பதை அப்போது நான் எண்ணியதில்லை. பூச்சிமருந்து தெளிக்கத் தொடங்கியபின் நண்டும் நத்தையும் குறைந்தன. ஏரின்பின் நடந்தவையும் குறைந்தன. அதையும் நான் எண்ணியதில்லை.

1994இல் இறால் பண்ணைக்கென ஒருவர் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டார். நெல்லில் ஆறு ஆண்டில் கிடைப்பதை ஓராண்டில் தருவதாகச் சொன்னார். மகளின் திருமணம் நெருங்கியிருந்தது. நான் கையொப்பமிட்டேன். நான் இறால் வளர்க்கவில்லை, கொல்லவில்லை, விற்கவில்லை, மண்ணை மட்டும் கொடுத்தேன் என்று எனக்கு நானே கூறிக்கொண்டேன். இறால் எத்தனை அறிவுயிர் என்று அன்று எந்த நூலிலும் நான் தேடவில்லை. தேடாமலிருந்தது தற்செயலன்று. அனர்த்த தண்டத்தின் மற்றொரு வகை ஹிம்சாதானம்: வாள், தீ, தளை முதலிய கேடு விளைக்கும் கருவிகளைப் பிறர்க்குக் கொடுத்தல். நிலமும் ஒரு கருவியாகலாம் என்று நூலில் எழுதியிருக்க வேண்டியதில்லை. அறிவுடையார்க்கு வாள் என்ற ஒரு சொல்லே போதும்.

பண்ணை ஓராண்டும் சில மாதமும் நடந்தது. இரவெல்லாம் நீரைக் கலக்கும் சக்கரங்களின் ஓசை கேட்கும். இறாலைத் தின்ன வரும் பறவைகளை விரட்ட வெடி போடுவர். குளத்தின்மேல் நைலான் கயிறு குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருப்பர். ஒருநாள் காலை குத்தகைப் பணம் வாங்கச் சென்றபோது, நீர்க்காகம் ஒன்று அக்கயிற்றில் சிறகு சிக்கித் தலைகீழாகத் தொங்கியது. உயிர் இருந்தது. காவலாள் எங்கோ போயிருந்தான். நானே சென்று விடுவித்திருக்கலாம். கரை வழுக்கலாக இருந்தது, பள்ளிக்கு நேரமாகிவிட்டது. மாலையில் சென்றபோது அது அசையவில்லை. அவ்வாண்டுகளில் கிழக்குக் கடற்கரைப் பண்ணைகளைத் தாக்கிய வெண்புள்ளி நோய் எங்கள் குளத்தையும் பிடித்தது. ஒரே வாரத்தில் குளம் முழுதும் மாண்டு மிதந்தது. எண்ணிப் பார்க்க இயலாத எண்ணிக்கை. குத்தகைக்காரர் கரைகளை அப்படியே விட்டுப் போனார். அண்டை வயல்காரர் கிணறு உவர்த்துப்போயிற்று என்று வந்து நின்றபோது, அவர்க்குச் சொல்ல என்னிடம் விடை இல்லை.

அந்நாளில் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் அவர்கள் இப்பண்ணைகளை எதிர்த்துத் தஞ்சைக் கடற்கரையெங்கும் அறப்போர் நடத்தி, உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 1996 டிசம்பர் 11 அன்று, கடற்கரை ஒழுங்கு மண்டலத்துள் அமைந்த இத்தகைய பண்ணைகளை அகற்ற வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அது முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. 2005இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டு, உரிமம் பெற்ற பண்ணைகள் இயங்கலாயின. அவர் சமணர் அல்லர். எங்கள் பகுதியில் கொல்லாமையின் பெயரால் பேச உரிமையுடையவன் என்று எண்ணியிருந்த நான் குத்தகைப் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தபோது, அவர் உண்ணாநோன்பு இருந்தார்.

அக்கா அன்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. அப்பணத்தில் மகளுக்கு நகை எடுத்தது போக, வீட்டுக்கு ஒரு வெண்கலக் குத்துவிளக்கு வாங்கினேன். நாள்தோறும் மாலையில் விளக்கேற்றுபவர் அக்காதான். பழைய பித்தளை விளக்கையே ஏற்றி வந்தார். புதியதைத் துடைப்பார், பொட்டிடுவார், ஏற்றமாட்டார். இதை நான் கவனிக்கவே ஐந்தாறு ஆண்டு ஆயிற்று. கவனித்தபின் கேட்கவில்லை. உடன்பாடு என்னும் சொல்லுக்கு எதிர்ச்சொல் எப்படி இருக்கும் என்பதை அவ்வேற்றாத விளக்கில் நாள்தோறும் பார்த்து வருகிறேன்.

ஆகவே அன்று உப்பளச் சாலையில் அவர் குழந்தையின் கைகளைப் பற்றியபோது, அச்சொல் யாரை நோக்கியது என்று எனக்கு ஐயம் எழுந்தது. குழந்தையின் கைதட்டலை முப்பத்தாறில் ஒன்றாகக் கணக்கிட்டால், என் கையொப்பத்தை எதில் சேர்ப்பது? விரால் அடிப்பானுக்கு ஒரு மீன் போதும். அது குத்தகை வாங்குவதில்லை. குழந்தையின் மகிழ்ச்சியில் பாவம் இல்லை என்றே நான் கருதுகிறேன். அது வியப்பு, வியப்பு வளர்ந்து வினாவாகும். ஆயினும் அக்கா தடுத்ததும் தவறன்று. மகிழ்ச்சி எங்கே முடிந்து உடன்பாடு எங்கே தொடங்குகிறது என்பதை எட்டு வயதில் ஒருவர் கையைப் பிடித்துக் காட்டாவிட்டால், நாற்பது வயதில் பத்திரத்தில் கையொப்பமிடும்போது அவ்வெல்லை கண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலை மற்றொரு சிறு தொல்லை. கதிர் சாயும் வேளையில்தான் பறவைகள் கூட்டங்கூட்டமாகத் திரும்பும், அதுவே காணத்தக்க காட்சி என்று அங்கிருந்தோர் கூறினர். ஆனால் கதிர் மறையுமுன் உண்டு முடிக்க வேண்டியவர் இருவர் எங்களுடன் இருந்தனர். காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மடியில் இலையை விரித்து, அக்காவும் நானும் தயிர்சோற்றை விரைந்து உண்டோம். தலைக்குமேல் ஆலாக்களும் உள்ளான்களும் கடந்து சென்றதைக் குழந்தை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எங்களுக்கு அறிவித்துக்கொண்டே இருந்தாள். நாங்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அக்காவுக்கு அதில் குறையொன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்குச் சிறிது இருந்தது.

சென்ற மாதம் தரகர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். உப்பனாற்று நிலத்தை மீண்டும் கேட்கிறார்கள். இப்போது புதிய இன இறால். உரிமம் எல்லாம் முறைப்படி அவர்களே எடுத்துக்கொள்வார்கள். நாம் கையொப்பமிட்டால் போதும். மகன் தொலைபேசியில், "சட்டப்படி நடப்பதுதானே, அப்பா? நிலம் சும்மாத்தானே கிடக்கிறது?" என்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவன் தங்கையின் திருமணத்துக்கு முன் நானும் அவ்வாறே சொன்னவன். தரகரிடம் முடியாது என்று சொல்லி அனுப்பினேன். மகனுக்குக் காரணத்தைக் கடிதமாக எழுதத் தொடங்கி, அது நீண்டு இக்கட்டுரையாயிற்று.

மறுநாள் காலை அக்கா நிலத்தைப் பார்க்க வேண்டும் என்றார். முப்பது ஆண்டாக அவர் அங்கு வந்ததில்லை. சிதைந்த கரைகளுக்கு நடுவே பழைய குளத்தில் கணுக்கால் அளவு நீர் நின்றது. நெடுங்கால் உள்ளான் இரண்டு, சிவந்த கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்துச் சேற்றைக் கொத்திக்கொண்டிருந்தன. "அவை என்ன தின்னும்?" என்று கேட்டார். "புழு, பூச்சி, சிறு நத்தை" என்றேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இந்த மண்ணில் உப்பு வடிந்து மறுபடி நெல் விளைய எத்தனை மழை வேண்டும் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த கணக்கைச் சொன்னேன். திரும்பும்போது கரையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தரையைப் பார்த்தவாறே முன்னால் நடந்தார்.